பழைய பாய்லருக்கு மாற்று: 30 கிலோவாட் இருந்த இடத்தில் 15

வீட்டைச் சூடாக்கும் மாற்றுப் பாய்லர் ஒரு குளிர்காலத்தை முழுதாக ஓட்டி முடித்துவிட்டது. முதல் மூன்று வாரத் தொல்லைக்குப் பிறகு ஒரு நாள்கூடப் பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை. வெளியே சராசரி 2 டிகிரி இருந்த ஒரு நாளில் பழையது 22 கன மீட்டர் கேஸ் குடித்தது. அதே குளிரில், வீட்டுக்குள் அதே 20 டிகிரிக்கு, புதியது 17.4 எடுக்கிறது. அளவுகள் மறந்துபோவதற்குள் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கலாம்.

இருந்த சரக்கு இதுதான். இரண்டு தளம், காப்பு வைக்காத செங்கல் சுவர், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் 9 ரேடியேட்டர்கள், குளிக்கும் வெந்நீரைச் சேர்த்து வைக்கும் ஒரு சிலிண்டர், கூரைப் பரணில் ஒரு சின்னத் தொட்டி. தொட்டித் தண்ணீர்தான் குழாய்களுக்குள் இறங்கும், சூட்டில் விரிந்தால் மறுபடி தொட்டிக்கே ஏறும். கீழே தரையில் நிற்கும் வார்ப்பிரும்புப் பாய்லர். அதன் விவரத் தகட்டில் 30 கிலோவாட் வெளியீடு, 40 கிலோவாட் உள்ளீடு. வார்ப்புத் துண்டுகள் சேரும் இடத்தில் கசிந்து பர்னருக்கு மேல் சொட்ட ஆரம்பித்திருந்தது. அந்த மாடலுக்கு வார்ப்புத் துண்டு இப்போது வருவதில்லை. ஆக ரிப்பேர் பேச்சுக்கே இடமில்லை.

கேஸ் இணைப்பு, புகைக்குழாய், முதல் எரிப்புச் சோதனை மூன்றும் உரிமம் உள்ள டெக்னீஷியன் கையால் நடந்தவை. மற்றது பெரும்பாலும் பிளம்பிங்தான்.

தகடும் மீட்டரும்

பாய்லர் மாற்ற வருபவர்களில் பாதிப்பேர் பழைய தகட்டைப் படித்துவிட்டு, “30 இருந்ததா, 30 போடுவோம், கொஞ்சம் கூடுதலாக 35 போட்டால் இன்னும் நல்லது” என்பார்கள். தகடு சொல்வது அந்தப் பாய்லரின் கொள்ளளவை மட்டும். வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பது கேஸ் மீட்டருக்குத்தான் தெரியும். அதனால் பழைய பாய்லர் உயிரோடிருக்கும்போதே ஒரு குளிர்நாளில் அளந்துகொண்டோம்.

இரவு 10 மணிக்கு மீட்டர் படித்து, மறுநாள் இரவு 10 மணிக்கு மறுபடி படித்ததில் 22 கன மீட்டர். இயற்கை எரிவாயு கன மீட்டருக்குச் சுமார் 10.8 கிலோவாட் மணி தரும்; துல்லியமான எண் கேஸ் பில்லில் இருக்கும். ஆக 237 கிலோவாட் மணி. தகட்டின்படி பழைய பாய்லரின் திறன் 75 சதவீதம். அணைந்து அணைந்து எரியும்போது புகைக்குழாய் வழியே போகும் சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் கழித்து 72 என்று வைத்தோம். வீட்டுக்குள் வந்து சேர்ந்தது 171. குளிக்க, பாத்திரம் கழுவ என்று வெந்நீருக்கு 9 போனால் மிச்சம் 162. 24 மணி நேரத்துக்கு வகுத்தால் 6.75 கிலோவாட். உள்ளே 20, வெளியே 2; வித்தியாசம் 18 டிகிரி. ஒரு டிகிரிக்கு 375 வாட் என்று ஆகிறது. மேற்கொண்டு எல்லாக் கணக்கும் இந்த 375-ஐ வைத்துத்தான்.

இந்த ஊகத்தைச் சரிபார்க்க இன்னொரு எளிய வழி உண்டு: ஸ்டாப்வாட்ச். அதே நாளில் பர்னர் எரியும் நேரத்தையும் அணைந்திருக்கும் நேரத்தையும் குறித்தோம். 3 நிமிடம் எரிந்தது, 10 நிமிடம் சும்மா இருந்தது. 30 கிலோவாட்டை 13-ல் 3 பங்கு நேரம் எரித்தால் 6.9 கிலோவாட். மீட்டர் கணக்கும் ஸ்டாப்வாட்ச் கணக்கும் இவ்வளவு நெருங்கி வந்தபோதுதான் எண்ணை நம்பினோம். 13 நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளைக்கு 110 தடவை பற்றவைப்பு. வார்ப்பிரும்பு அதைத் தாங்கும். மின்னணுப் பலகையும் ஃபேனும் உள்ள புதிய பாய்லர் அப்படித் தாங்காது.

இங்கு எடுத்துக்கொண்ட உச்சக் குளிர் மைனஸ் 6. வித்தியாசம் 26 டிகிரி, பெருக்கினால் 9.75 கிலோவாட். வருடத்தின் மிக மோசமான இரவில்கூட இந்த வீட்டுக்குப் பத்து கிலோவாட் போதும். தகட்டில் இருந்தது அதைப் போல மூன்று மடங்கு.

இந்த அளவீட்டில் ஒரு தப்பும் நடந்தது. முதல் முயற்சியை நல்ல வெயில் அடித்த நாளில் எடுத்துவிட்டோம். தெற்கு ஜன்னல் வழியே வந்த சூடு கணக்கைக் கெடுத்து, டிகிரிக்கு 300 வாட் என்று காட்டியது. மேகமூட்டமான, காற்று அதிகம் இல்லாத நாளே இதற்குச் சரி.

ரேடியேட்டர் கணக்கு

கண்டென்சிங் பாய்லர் (புகையின் நீராவியைத் தண்ணீராக்கி அதன் சூட்டையும் எடுப்பது) என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் அது கண்டென்ஸ் செய்துவிடாது. இயற்கை எரிவாயுவின் புகையில் இருக்கும் நீராவி சுமார் 55 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் தண்ணீராக மாறித் தன் சூட்டைக் கொடுக்கும். அதாவது ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55-க்கும் நன்றாகக் கீழே இருக்க வேண்டும். பழைய வழக்கப்படி 80-ல் அனுப்பி 65-ல் திரும்ப வாங்கினால், விலை கூடிய சாதாரணப் பாய்லர்தான் கையில் இருக்கும்.

குறைந்த சூட்டில் ரேடியேட்டர் எவ்வளவு கொடுக்கும்? பட்டியலில் போட்டிருக்கும் வாட் எண், தண்ணீரின் சராசரிச் சூடு அறைச்சூட்டைவிட 50 டிகிரி அதிகம் இருக்கும்போது கிடைப்பது. அந்த வித்தியாசம் 35 ஆனால் வெளியீடு 0.63 மடங்கு, 30 ஆனால் 0.51, 25 ஆனால் 0.41. ஒவ்வொரு ரேடியேட்டரையும் டேப் வைத்து அளந்து, ஒற்றைப் பலகையா இரட்டையா, நடுவில் மடிப்புத் தகடு உண்டா என்று பார்த்துப் பட்டியல் போட்டோம். 9-க்கும் சேர்த்து 16.2 கிலோவாட். தண்ணீரை 60-ல் அனுப்பி 50-ல் திரும்ப வாங்கினால் சராசரி 55, அறையைவிட 35 அதிகம்; கிடைப்பது 10.2. வீட்டுக்குத் தேவை 9.75. அப்பாடா என்று இருந்தது.

கூட்டுத்தொகை ஏமாற்றும் இடமும் இதுவே. மொத்தம் போதும் என்று பட்டியலை மூடிவைத்துவிட்டோம். பின்பக்க அறையைத் தனியாகப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. இரண்டு வெளிச்சுவர், பெரிய ஜன்னல். உச்சக் குளிரில் அதற்கு மட்டும் 1.25 கிலோவாட் வேண்டும். அங்கே இருந்ததோ 600-க்கு 1200 மி.மீ. ஒற்றைப் பலகை, பட்டியல் எண் 1.18. குறைந்த சூட்டில் 0.74-தான் தரும். வீடு முழுவதும் சூட்டை ஏற்றி அந்த ஓர் அறையைச் சமாளிப்பதுதான் இத்தனை வருடமாக நடந்திருக்கிறது. அதே நீள உயரத்தில் இரட்டைப் பலகை, இரட்டை மடிப்புத் தகடு வைத்த ரேடியேட்டரைப் போட்டோம். பட்டியலில் 2.05; 35 டிகிரி வித்தியாசத்தில் 1.29. தடிமன் கூடுவதால் வால்வு சுவரிலிருந்து 2 செ.மீ. தள்ளி வரும் என்பதை யோசிக்காமல் விட்டதில், தரையிலிருந்து ஏறும் இரண்டு செம்புக் குழாயையும் வெட்டி வளைக்க வேண்டியதாயிற்று. அரை நாள் போனது.

எந்தப் பெட்டி

குளிக்கும் வெந்நீரையும் தானே தரும் காம்பியா, சிலிண்டரோடு ஓடும் பாய்லரா என்பது முதல் கேள்வி. அதைத் தீர்த்தது ஒரு வாளி. தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீரைச் சமையலறைக் குழாயில் பிடித்தால் 10 லிட்டர் நிரம்ப 48 விநாடி, நிமிடத்துக்கு 12.5 லிட்டர். மாடியில் இன்னொரு குழாயைத் திறந்ததும் 7-க்கு இறங்கிவிட்டது. காம்பி அப்போதைக்கப்போது தண்ணீரைச் சுடவைத்துத் தருவது. உள்ளே வரும் தண்ணீரே 7 லிட்டர் என்றால் எத்தனை கிலோவாட் வாங்கினாலும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளிக்க முடியாது. ஆகவே சிலிண்டர் இருக்கட்டும், அதைச் சுடவைக்கும் பாய்லர் போதும் என்று முடிவு.

இரண்டாவது கேள்விதான் முக்கியம், ஆனால் விளம்பரத் தாளில் அது சின்ன எழுத்தில் இருக்கும். பாய்லர் தன் சுடரை எவ்வளவு தாழ்த்த முடியும்? உச்ச எண்ணைப் பார்த்து வாங்குவார்கள். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பாய்லர் ஓடுவது கீழ்க்கோட்டில். முதலில் பார்த்த 35 கிலோவாட் மாடல் 7 வரைதான் இறங்கும். இந்த வீடு 7 கிலோவாட் இழக்க வேண்டுமானால் வெளியே 1.3 டிகிரிக்கு வர வேண்டும். அதைவிட வெதுவெதுப்பான எல்லா நாளும் அது அணைந்து அணைந்துதான் எரியும். கடைசியில் எடுத்த 15 கிலோவாட் மாடல் 3 வரை இறங்கும். வெளியே 12 டிகிரி இருக்கும்வரை நிற்காமல் சிறு சுடரில் ஓட முடியும். விவரத்தாளில் இந்தக் கீழ் எண்ணை 50/30 சூட்டுக்கும் 80/60 சூட்டுக்கும் (அனுப்பும் சூடு/திரும்பும் சூடு) தனித்தனியாகப் போடுவார்கள். இரண்டு பாய்லர்களை ஒப்பிடும்போது ஒரே வரிசையைப் பார்க்க வேண்டும்.

“நம்பகமான பாய்லர் எது” என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பெயரைவிடப் பயன்பட்டது சர்வீஸ் கையேடு. விளம்பரத் தாளை ஓரம் வைத்துவிட்டு, குறுகிய பட்டியலில் இருந்த நான்கு மாடல்களுக்கும் டெக்னீஷியன்களுக்கான கையேட்டை இறக்கிப் படித்தோம். ஃபேனைக் கழற்ற எத்தனை படி? ஒன்றில் 4 படி. இன்னொன்றில் புகைக்குழாயையே பிரிக்கச் சொன்னது. வருடச் சர்வீஸில் எரிப்பறைக் கதவை எத்தனை நட்டில் திறக்கலாம்? கண்டென்சேட் பொறியை (புகையிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடிக்கும் கிண்ணம்) முன்பக்கமாக உருவ முடியுமா? தண்ணீர் பிரியும் பகுதி பித்தளையா பிளாஸ்டிக்கா? எத்தனை வருடமாக அதே உள்ளமைப்பு விற்பனையில் இருக்கிறது? புத்தம்புது மாடலின் மின்னணுப் பலகைக்குக் குளிர்காலத்தில் இரண்டு வாரம் காத்திருப்பதைவிட, பத்து வருடமாக ஓடும் மாடலின் பலகை மறுநாளே கிடைப்பது மேல். ரிப்பேர் செய்பவர்களிடமும் “எது நல்லது” என்று கேட்கவில்லை. “உங்கள் வண்டியில் எந்தப் பாய்லரின் உதிரிகள் எப்போதும் இருக்கும்” என்று கேட்டோம். பதில் இரண்டு பக்கமும் வெட்டும்: எப்போதும் கையில் இருக்கும் உதிரி, அடிக்கடி போகும் உதிரியாகவும் இருக்கலாம். பற்றவைக்கும் எலக்ட்ரோடும் மூட்டை அடைக்கும் கேஸ்கெட்டும் என்றால் பரவாயில்லை, அவை தேய்மானப் பொருட்கள். பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தகடுகள் வழியே ஒரு தண்ணீரின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றுவது), டைவர்ட்டர் வால்வு (சூட்டை ரேடியேட்டருக்கோ வெந்நீருக்கோ திருப்புவது) என்று பட்டியல் நீண்டால் அந்த மாடலைத் தள்ளிவைப்பது நல்லது.

சுடரின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இரண்டு வகை: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினிய-சிலிக்கான் வார்ப்பு. வார்ப்பில் தண்ணீர் வழி பொதுவாக அகலம்; ஆனால் தண்ணீரின் பி.எச். அளவு சுமார் 8.5-க்கு மேல் போனால் அலுமினியம் அரிக்கும், உப்பு முறையில் மென்மையாக்கிய தண்ணீரை நிரப்பவும் கூடாது. ஸ்டீல் சுருளுக்கு அந்தப் பயம் குறைவு. குறுகலான வழி என்றால் பழைய குழாய் வண்டல் வந்து அடைக்கும். இங்கே தேர்ந்தது ஸ்டீல். காரணம், வண்டலை வேலை நேரத்தில் நம்மால் கட்டுப்படுத்த முடியும். அடுத்த இருபது வருடத்தில் யார் எந்தத் தண்ணீரை நிரப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை.

வாரண்டியில் வருடங்களின் எண்ணிக்கையைவிட நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். வருடச் சர்வீஸ் பதிவு, காந்த ஃபில்டர், அரிப்புத் தடுப்பு மருந்து மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பத்து வருட வாரண்டி வெறும் தாள் என்று அதிலேயே எழுதியிருந்தது.

கறுப்புத் தண்ணீர்

பழைய அமைப்பில் புதுப் பாய்லரைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். எந்த ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்தாலும் மை போலக் கறுப்பாக வந்தது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெளியே காந்தத்தை வைத்து இழுத்தால் கறுப்பு ஒரு பக்கமாகச் சேர்ந்து பாசி போல நகர்ந்தது. இரும்பு துருப்பிடித்து உண்டாகும் மேக்னடைட். புதிய பம்புகளின் சுழலியில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. இந்தப் பொடியெல்லாம் நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

சுத்தம் செய்ய வாடகை இயந்திரம் எடுக்காமல் பழைய பாய்லரையே வேலை வாங்கினோம். கழற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே சுத்திகரிப்பு மருந்தைப் பரண் தொட்டியில் ஊற்றி, வழக்கம்போல் ஓட விட்டாயிற்று. சூடான தண்ணீர் ஓட ஓட வண்டல் இளகும். பிறகு சூடாக இருக்கும்போதே வடித்தோம். அடுத்து ஒரு நேரத்தில் ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து, மற்ற எட்டையும் மூடி, குழாய்த் தண்ணீரை முழு வேகத்தில் விட்டு வடிப்பு தெளியும்வரை அலசல். ரப்பர்ச் சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டினால் இன்னும் ஒரு கறுப்பு மேகம் வரும்.

கீழ்த்தளத்தில் மூன்று ரேடியேட்டர்கள் இதற்கும் மசியவில்லை. அடியில் கை வைத்தால் குளிர், மேலே சூடு. கழற்றி வெளியே எடுத்துப் போகும்போது பாதி வழியில் அடைப்பு மூடி நழுவி, ஒரு கோப்பை அளவு கறுப்பு தரையில் கொட்டியது. அந்தக் கறை சோப்புக்கெல்லாம் போகாது. இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டி, மரை இருக்கும் பக்கத்தை மேலாகப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தோட்டக் குழாயால் அடித்ததில் ஒவ்வொன்றிலிருந்தும் அரை வாளி சேறு.

எப்போது நிறுத்துவது என்பதற்குக் கண் போதாது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்தோம். தெருக்குழாய்த் தண்ணீர் 210. முதல் அலசலில் வடிந்தது 480. வடிப்பு 230-க்கு வந்ததும், குழாய்த் தண்ணீரோடு பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது என்று நிறுத்தினோம். மருந்து உள்ளே மிச்சமிருந்தால் பின்னால் போடும் அரிப்புத் தடுப்பு மருந்து வேலை செய்யாது.

பழைய பாய்லரைப் பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பாய்லர்களில் கதவுக் கயிறு, கேஸ்கெட், புகைக்குழாய் மூட்டு இவற்றில் கல்நார் இருக்கலாம். வெள்ளையாக நாரோடு உதிரும் எதையும் சுரண்டக் கூடாது. அதற்கென்று உள்ள ஆட்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தொட்டியை எடுத்தது

புதிய அமைப்பு மூடிய அமைப்பு: பரண் தொட்டி கிடையாது, குழாய்களில் 1 முதல் 1.5 பார் அழுத்தம், சூட்டில் விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளக் காற்றடைத்த ஓர் எக்ஸ்பான்ஷன் வெசல், 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு. இத்தனை வருடம் அரை பாரில் சொகுசாக இருந்த மூட்டுகள் இதைத் தாங்குமா என்று பாய்லரை இணைப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். கைப்பம்ப் வைத்து 4.5 பாருக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டோம். முள் மெல்ல இறங்கியது. இரண்டு ரேடியேட்டர் வால்வின் தண்டுப் பொதியில் கசிவு. ஒன்று கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றது, இன்னொன்றுக்கு வால்வையே மாற்றினோம். தரைக்கு அடியில் எதுவும் ஒழுகவில்லை, அது அதிர்ஷ்டம்தான். அப்படி ஒழுகியிருந்தால் இந்தத் திட்டமே மாறியிருக்கும். நடுவில் பிளேட் எக்ஸ்சேஞ்சர் வைத்துப் பழைய பக்கத்தைத் திறந்த அமைப்பாகவே விட்டிருப்போம், திரும்பும் சூடு சில டிகிரி கூடும் என்று தெரிந்தே.

அடுத்த தப்பு வெசல் விஷயத்தில். பாய்லருக்குள்ளேயே 8 லிட்டர் வெசல் இருக்கிறது, போதும் என்று நினைத்தோம். நிரப்பும்போது தண்ணீர் மீட்டரைப் பார்த்ததில் அமைப்பு மொத்தம் 132 லிட்டர். குளிர்ந்த நிலையில் 1.2 பார். சோதனைக்காகத் தண்ணீரை 75 வரை ஏற்றியதும் முள் 2.7-க்குப் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறினால் பாதுகாப்பு வால்வு திறக்கும், திறந்தால் அழுத்தம் குறையும், குறைந்தால் புதுத் தண்ணீர் சேர்ப்போம், புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் வரும், மறுபடி கறுப்பு. கணக்கும் அதையே சொன்னது: 132 லிட்டர் தண்ணீர் 10-லிருந்து 70 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 3 லிட்டர் விரியும்; 8 லிட்டர் வெசலில் அந்த 3 லிட்டருக்குக் காற்று பாதிக்கு நசுங்க வேண்டும். திரும்பும் குழாயில் இன்னொரு 8 லிட்டர் வெசலை மாட்டினோம். அதே 75-ல் முள் 1.7-ல் நின்றது.

வெசலில் காற்றழுத்தம் வைப்பது தண்ணீர் இல்லாத நிலையில், டயர் கேஜும் சைக்கிள் பம்பும் போதும். மேல்மாடி ரேடியேட்டர் பாய்லரைவிட 5 மீட்டர் உயரம், அதற்கு அரை பார், அதோடு 0.3 சேர்த்து, முழு எண்ணாக 1 பார்.

பரணில் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டு குழாயையும் அங்கேயே மூடி வைத்திருந்தோம். சுற்றோட்டம் இல்லாத தண்ணீர் குளிர்ந்த பரணில் நின்றால் உறைந்து வெடிக்கும் என்று டெக்னீஷியன் சொன்ன பிறகு, டீ மூட்டு வரை வெட்டி எடுத்தாயிற்று.

திரும்பும் குழாயில் பாய்லருக்கு முன்னால் காந்த ஃபில்டர். அரிப்புத் தடுப்பு மருந்து 100 லிட்டருக்கு ஒரு லிட்டர். 132-க்கு இரண்டு புட்டி. கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் தொல்லை.

மூன்று வாரத் தொல்லை

கண்டென்சிங் பாய்லரிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை புளித்த தண்ணீர் வடியும், பி.எச். 3 முதல் 5. செம்பு, இரும்புக் குழாயை அது அரிக்கும், பிளாஸ்டிக்தான். முதல் தடவை போட்டது 21.5 மி.மீ. குழாய், சுவருக்கு வெளியே 3 மீட்டர். ஐந்தாம் நாள் காலையில் பாய்லருக்குள் களக் களக் என்று சத்தம், சிறிது நேரத்தில் லாக், அதாவது பாய்லர் தானாக அணைந்து நின்றுவிட்டது. ரீசெட் செய்தால் ஓடும், மாலையில் மறுபடி. கேஸ் வால்வு, ஃபேன் என்று சந்தேகம் எங்கெங்கோ போனது. கடைசியில் ரசமட்டத்தைக் குழாய்மீது வைத்துப் பார்த்தால் இரண்டு கிளாம்புக்கு நடுவில் குழாய் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. தேங்கிய தண்ணீர் பொறிக்குள் ஏறி, எரிப்பறை அடிவரை வந்திருக்கிறது. அரை மீட்டருக்கு ஒரு கிளாம்பு, மீட்டருக்கு 45 மி.மீ. சரிவு, வெளியே ஓடும் துண்டு முழுக்க 32 மி.மீ., மேலே காப்பு உறை என்று மாற்றியதோடு லாக் நின்றது. உறைபனியிலும் அடைக்கவில்லை.

பொறியில் தண்ணீர் ஊற்றிய பிறகே முதல் எரிப்பு. காலியாக இருந்தால் புகை அந்த வழியாக வீட்டுக்குள் வரும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்தாயிற்று. புகைக்குழாய் பாய்லர் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும், புகையில் வடியும் தண்ணீரும் உள்ளேயே திரும்பி வரும்படி. வெளிப்பக்கம் சரித்துவிடும் பழைய பழக்கம் இங்கே தப்பு.

சூட்டைத் தாழ்த்தியது

மெனுவில் முதலில் மாற்றியது ரேடியேட்டருக்கான உச்ச வெளியீடு: 15-லிருந்து 11. சிலிண்டருக்கு மட்டும் 15. ஆனால் பழைய சிலிண்டரின் சுருள் 9 கிலோவாட்டுக்கு மேல் வாங்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது, ஆக அதையும் 10-க்கு இறக்கியாயிற்று. சிலிண்டர் 60 டிகிரியில். அதைவிட நன்றாகக் கீழே வைத்தால் லெஜியனெல்லா கிருமி வளரும் அபாயம் உண்டு.

வெளிச்சூட்டை உணரும் சென்சாரை வெயில் படாத வடக்குச் சுவரில் வைத்தோம். வெளியே மைனஸ் 6 என்றால் தண்ணீர் 60, வெளியே 15 என்றால் 32; நடுவில் நேர்கோடு. வெளியே 3 டிகிரி இருந்த நாளில் 48-ல் போய் 39-ல் திரும்பியது. புகைக்குழாய் வாயில் வெள்ளையாக ஆவி, கீழே சீரான சொட்டு.

ரேடியேட்டர்களைச் சமன் செய்ய இரண்டு கிளிப் தெர்மாமீட்டர், ஒரு சின்ன ஸ்பானர். எல்லா தெர்மோஸ்டாட் தலையையும் கழற்றி, பாய்லருக்குப் பக்கத்தில் உள்ளதை முக்கால்வாசி மூடி, கடைசியில் உள்ளதை முழுக்கத் திறந்து, ஒவ்வொன்றிலும் போவதற்கும் வருவதற்கும் 10 டிகிரி வித்தியாசம் வரும்வரை. ஒரு திருகலுக்குப் பிறகு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முதல் நாள் செய்தது முழுவதும் மறுநாள் வீணானது.

மெனுவில் பற்றவைப்பு எண்ணிக்கை தெரியும். குளிர்ந்த நாளில் ஒரு நாளைக்கு 5 அல்லது 6. பழையதின் 110-ஐ நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை

பாய்லரின் விலை மொத்தச் செலவில் பாதியைத் தொடவில்லை. புகைக்குழாய், புது ரேடியேட்டர், வால்வுகள், ஃபில்டர், மருந்து, கூலி எல்லாம் சேர்ந்து மற்ற பாதிக்கு மேல். ஆனாலும் மருந்துக்கும் ஃபில்டருக்கும் ஆனது பாய்லர் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். கழிக்கக் கூடாத இடம் அதுவே.

ரேடியேட்டர் வால்வு ஒன்பதையும் தண்ணீர் வடித்திருந்த அன்றே மாற்றியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியதில், இன்னொன்று குளிர்கால நடுவில் இறுகிப்போய், மறுபடி வடித்து, மறுபடி மருந்து ஊற்றவேண்டி வந்தது. இரண்டாவது வெசலுக்கு முன்னால் பூட்டு வைத்த வால்வு ஒன்றும், வடிப்புத் திருகு ஒன்றும் போட்டிருந்தால், காற்றழுத்தம் பார்க்க வருடா வருடம் அமைப்பை வடிக்க வேண்டாம். காந்த ஃபில்டரை அலமாரியின் பக்கச் சுவருக்கு 4 செ.மீ. தள்ளி மாட்டியதில் மூடியைத் திருகக் கை நுழையவில்லை. முதல் மாதச் சுத்தத்தில் இரண்டு விரல் தடிமனுக்குக் கறுப்பு ஒட்டியிருந்தது, மூன்றாம் மாதம் நகக்கண் அளவு. அந்த ஃபில்டரைக் கோடையில் இடம் மாற்ற வேண்டும்.